துரத்தும் ஷூமாக்கர், காக்கும் ஷூமாக்கர்

கார்ப் பந்தய ரசிகர்களிடம் மைக்கேல் ஷூமாக்கர் பேச்சை எடுத்தால் இரண்டு தீர்ப்புகளில் ஒன்று வந்து விழும். அவரைப் போல ஓட்ட இன்னொருவர் பிறக்க வேண்டும் என்பது ஒன்று. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் எதையும் செய்யத் துணிபவர் என்பது மற்றது. பல சமயம் ஒரே ஆளே இரண்டையும் சொல்வார். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. ஏழு முறை உலகப் பட்டம், 91 வெற்றிகள், 68 முறை முதலிடத்திலிருந்து புறப்பாடு, 155 முறை மேடையேற்றம் என்பது ஒரு பக்கம். பட்டப் போட்டியின் கடைசிப் பந்தயத்தில் போட்டியாளரின் காரோடு இரு முறை மோதியவர், ஒரு முறை ஆண்டுப் பட்டியலிலிருந்தே பெயர் நீக்கப்பட்டவர் என்பது மறுபக்கம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் வரும்போது ரசிகர்கள் வழக்கமாக ஒரு சமாதானம் சொல்வார்கள்: திறமையும் முரட்டுத்தனமும் ஒரே வேரில் கிளைத்தவை, அந்த வெறி இல்லாமல் இந்தப் பட்டங்கள் வந்திருக்காது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அது நிற்கவில்லை.

கெர்ப்பனிலிருந்து மரனெல்லோ வரை

1969 ஜனவரி 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அருகே பிறந்தவர் ஷூமாக்கர். வளர்ந்தது கெர்ப்பனில். அப்பா கொத்தனார், உள்ளூர் கார்ட் பந்தயத் தடத்தையும் கவனித்துக்கொண்டார். அம்மா அந்தத் தடத்தின் சிற்றுண்டிச்சாலையில் வேலை பார்த்தார். மகனின் மிதிவண்டிக் காரில் அப்பா ஒரு சிறிய மோட்டாரைப் பொருத்தியபோது பையனுக்கு நான்கு வயது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டான கார்ப் பந்தயத்துக்கு அவர் வந்த வழி இது.

1990-இல் ஜெர்மன் ஃபார்முலா 3 பட்டத்தை வென்றார். 1991 ஆகஸ்டில் ஃபார்முலா ஒன் கதவு திறந்தது, அதுவும் தற்செயலாக. ஜோர்டன் அணியின் ஓட்டுநர் பெர்ட்ராண்ட் காஷோ, லண்டன் டாக்சி ஓட்டுநர் ஒருவர்மீது கண்ணீர்ப்புகை திரவம் தெளித்த வழக்கில் சிறைக்குப் போனார். காலியான இருக்கையில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் உட்கார்ந்த புதியவர், தகுதிச் சுற்றில் ஏழாம் இடம் பிடித்தார். பந்தயத்தில் முதல் சுற்றிலேயே கிளட்ச் போய்விட்டது. ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். அடுத்த பந்தயத்தில் அவர் பெனட்டன் அணியில் இருந்தார்.

பெனட்டனில் 1994, 1995 ஆண்டுகளின் பட்டங்கள். பிறகு, யாரும் எளிதில் எடுக்கத் துணியாத முடிவு: 1996-இல் மரனெல்லோவிலுள்ள ஃபெராரிக்குப் போனார். 1979-இல் ஜோடி ஷெக்டருக்குப் பின் அந்த அணியின் எந்த ஓட்டுநரும் பட்டம் வென்றிருக்கவில்லை. ஜான் டோட் தலைமை, ராஸ் பிரானின் உத்தி, ரோரி பர்னின் வடிவமைப்பு ஆகியவற்றோடு ஷூமாக்கரின் ஓட்டமும் சேர்ந்து கனிய நான்கு ஆண்டுகள் பிடித்தன. இடையில் 1999-இல் சில்வர்ஸ்டோனில் கால் முறிந்தது. 2000 அக்டோபர் 8 அன்று ஜப்பானின் சுசூகாவில் 21 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. அதிலிருந்து தொடர்ந்து ஐந்து பட்டங்கள். 2002-இல் நடந்த 17 பந்தயங்களிலும் மேடையேறினார்; ஆறு பந்தயங்கள் மீதமிருக்கும்போதே, ஜூலையில், பட்டம் முடிவாகிவிட்டது. 2004-இல் 18 பந்தயங்களில் 13 வெற்றி.

காலும் கண்ணும்

அவருடைய ஓட்டும் முறையைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: திருப்பத்துக்குள் மற்றவர்களைவிட அதிக வேகத்தோடு நுழைவார்; அந்த வேகத்தில் நிலை குலையும் காரைத் திருப்பத்தின் நடுவில் கால்களாலேயே சமன் செய்வார். இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்ஸிலரேட்டரில். இரண்டையும் ஒருசேர அழுத்தும் கணங்களும் உண்டு. முன்பக்கம் சட்டென்று திரும்பும், பின்பக்கம் வழுக்கப் பார்க்கும் கார்தான் அவருக்குப் பிடித்தது. அதே காரை ஓட்டிய சக ஓட்டுநர்களுக்கு அது அடங்காத குதிரை. 1994-இல் மட்டும் ஜே.ஜே. லேட்டோ, யோஸ் வெர்ஸ்டாப்பன், ஜானி ஹெர்பர்ட் என மூவர் அவருக்குப் பக்கத்துக் காரில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். ஒருவராலும் அவர் வேகத்தை நெருங்க முடியவில்லை.

கால்களுக்கு இணையாகக் கண்ணும் வேலை செய்தது. 1992-இல் ஸ்பாவில், மழைக்குப் பின் தடம் காய்ந்துகொண்டிருந்த நேரம். ஷூமாக்கர் ஒரு திருப்பத்தில் தடம் விட்டு விலக, சக ஓட்டுநர் மார்ட்டின் பிரண்டில் முந்திப் போனார். இடம் இழந்த எரிச்சலில் இருக்க வேண்டியவர், முன்னால் போகும் காரின் பின் டயர்களைப் பார்த்தார். மழை டயரின் ரப்பர் கொப்பளித்திருந்தது. தன் டயரும் அப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, உடனே பிட்டுக்குள் நுழைந்து உலர் டயருக்கு மாறினார். அவருடைய முதல் கிராண்ட் ப்ரீ வெற்றி அது. சறுக்கியதையே சாதகமாக்கியவருக்கு அப்போது வயது 23.

1994-இல் பார்சலோனாவில் கியர் பெட்டி ஐந்தாவது கியரில் சிக்கிக்கொண்டது. மெதுவான திருப்பங்களுக்கும் அதே கியர், பிட்டிலிருந்து புறப்படவும் அதே கியர். திருப்பங்களில் போகும் பாதையையே மாற்றி, என்ஜின் அணையாமல் ஓட்டி இரண்டாவதாக முடித்தார். இரண்டு ஆண்டு கழித்து அதே தடத்தில், கொட்டும் மழையில், தொடக்கத்தில் பின்தங்கிய ஃபெராரியை முன்னுக்குக் கொண்டுவந்து 45 விநாடி இடைவெளியில் வென்றார். அன்று பந்தயத்தை முடித்தவையே ஆறு கார்கள்தான். அந்த ஆண்டின் ஃபெராரி வெல்லக்கூடிய கார் என்று யாரும் சொல்லவில்லை.

1998 ஹங்கேரி பந்தயம் வேறு வகை. முந்திச் செல்ல இடமே இல்லாத தடம், முன்னால் வேகமான மெக்லாரன்கள். ராஸ் பிரான் மூன்று முறை பிட்டுக்கு வரும் உத்திக்கு மாறினார். 19 சுற்றுகளில் 25 விநாடி சம்பாதித்தாக வேண்டும் என்பது ஓட்டுநருக்கு வந்த கட்டளை. ஒவ்வொரு சுற்றும் தகுதிச் சுற்றுபோல. ஒரு முறை தடம் விட்டு வெளியே போயும், கணக்கைத் தீர்த்து வென்றார். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் வருவதால் பந்தயங்கள் குறுகிய வேக ஓட்டங்களாகப் பிரிந்துபோயிருந்த அந்தக் காலத்துக்கு, இடைவிடாமல் முழு வேகத்தில் ஓட்டக்கூடிய உடம்பும் வேண்டியிருந்தது. உடற்பயிற்சியை ஓட்டுநரின் அன்றாட வேலையாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வெற்றி மேடையில் வியர்வைகூட இல்லாமல் நின்றவர் என்று அவர் காலத்து ஓட்டுநர்களே வியந்திருக்கிறார்கள்.

இந்தப் பந்தயங்கள் எல்லாவற்றிலும் அவர் ஏதோ ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தார்: முன்னால் போகும் காரை, கடிகாரத்தை, பழுதான கியரை. இதைக் குறித்துக்கொண்டு மறுபக்கத்துக்குப் போகலாம்.

ஐந்து சம்பவங்கள்

முதலாவது மக்காவ், 1990. இரண்டு கட்டங்களின் நேரத்தையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் ஃபார்முலா 3 பந்தயம். முதல் கட்டத்தில் மிகா ஹக்கினன் முன்னிலை. இரண்டாவதில் ஷூமாக்கரைப் பின்தொடர்ந்து முடித்தாலே ஹக்கினனுக்குப் போதும். ஆனாலும் கடைசிச் சுற்றில் முந்தப் பார்த்தார். ஷூமாக்கர் அந்தப் பக்கமாக நகர, ஹக்கினன் பின்னால் மோதி வெளியேறினார். பின் இறக்கை சிதைந்த காரோடு ஷூமாக்கர் வென்றார். தவறு யாருடையது என்பதில் இன்றும் இரு கருத்து உண்டு. ஆனால் நகர்ந்தால் வெற்றி தங்கும் என்று 21 வயதில் ஒருவருக்குப் பாடம் கிடைத்துவிட்டது.

இரண்டாவது அடிலெய்ட், 1994. டேமன் ஹில்லைவிட ஒரு புள்ளி முன்னிலை. இருவருமே முடிக்காவிட்டால் பட்டம் ஷூமாக்கருக்கு. 36-ஆவது சுற்றில், முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஷூமாக்கர் தடம் விட்டு விலகிச் சுவரை உரசித் திரும்பினார். சுவரில் பட்டதை ஹில் பார்க்கவில்லை. இடம் கிடைத்தது என்று உள்பக்கம் நுழைந்தார். ஷூமாக்கர் திருப்பத்தை மூடினார். பெனட்டன் ஒரு பக்கமாகத் தூக்கியடிக்கப்பட்டு நின்றது. ஹில்லின் வில்லியம்ஸ் முன் சஸ்பென்ஷன் வளைந்து பிட்டோடு நின்றது. நடுவர்கள் பந்தயத்தில் நிகழும் சாதாரண மோதல் என்று விட்டுவிட்டார்கள். 92-க்கு 91 என்ற கணக்கில் முதல் பட்டம்.

மூன்றாவது ஹெரெஸ், 1997. மறுபடியும் கடைசிப் பந்தயம், மறுபடியும் ஒரு புள்ளி முன்னிலை, மறுபடியும் முதலிடம். 48-ஆவது சுற்றில் வில்லியம்ஸ் அணியின் ஜாக் வில்நவ் வெகு தூரத்திலிருந்து பிரேக்கைத் தாமதித்து உள்பக்கம் பாய்ந்தார். ஷூமாக்கர் ஸ்டீயரிங்கை அவர் பக்கம் திருப்பினார். ஃபெராரியின் வலது முன்சக்கரம் வில்லியம்ஸின் இடது பக்கவாட்டில் போய் இடித்தது. இந்த முறை ஜல்லியில் சிக்கி நின்றது இடித்தவர் கார். இடிபட்டவர் மூன்றாவதாக முடித்துப் பட்டம் வென்றார். பன்னாட்டு வாகனக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. ஷூமாக்கரை அந்த ஆண்டுப் பட்டியலின் இரண்டாம் இடத்திலிருந்து நீக்கியது. வெற்றிகள் மட்டும் அவர் பெயரில் தங்கின. வேண்டுமென்றே செய்தது, ஆனால் முன்கூட்டித் திட்டமிட்டது அல்ல, அந்தக் கணத்தின் அனிச்சைச் செயல் என்பது தீர்ப்பின் சாரம்.

நான்காவது மொனாக்கோ, 2006. தகுதிச் சுற்றின் கடைசி விநாடிகள். அதுவரை சிறந்த நேரம் அவருடையது. பின்னால் ஃபெர்னாண்டோ அலோன்ஸோ அதைவிட வேகமாக வந்துகொண்டிருந்தார். ரஸ்காஸ் திருப்பத்தில் ஷூமாக்கரின் கார் தடுப்புக்கு முன்னால் நின்றுபோனது; வேகம் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி; அலோன்ஸோவின் சுற்று கெட்டது. நடுவர்கள் மணிக்கணக்கில் பதிவுகளைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே நிறுத்தினார் என்று முடிவு செய்து அவரைக் கடைசி இடத்துக்கு அனுப்பினார்கள்.

ஐந்தாவது ஹங்கேரி, 2010. ஓய்வுக்குப் பின் மெர்சிடிஸ் அணியில் திரும்பி வந்த ஆண்டு. பத்தாம் இடத்துக்கான சண்டை, அதாவது ஒரே ஒரு புள்ளிக்கு. பழைய ஃபெராரி கூட்டாளி ரூபன்ஸ் பாரிக்கெல்லோ புது டயர்களோடு பிட் சுவருக்கும் மெர்சிடிஸுக்கும் நடுவே முந்தப் பார்த்தார். ஷூமாக்கர் சுவர் பக்கமாக நெருக்கினார். நேர்ப்பாதையின் உச்ச வேகத்தில், சுவருக்கும் காருக்கும் இடையே சில அங்குலம்தான் மிச்சம். பாரிக்கெல்லோ எப்படியோ தாண்டினார். அடுத்த பந்தயத்தில் பத்து இடம் பின்தள்ளும் தண்டனை. மறுநாள் ஷூமாக்கர் மன்னிப்புக் கேட்டார்.

பொது இழை

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லி இந்த ஐந்தையும் முடித்துவிடலாம். ஆனால் ஷூமாக்கர் ஆத்திரக்காரர் அல்லர்; தடத்தில் அவரளவு நிதானமாகக் கணக்குப் போட்டவர்கள் குறைவு. ஐந்தையும் இணைப்பது வேறொன்று. ஐந்திலும் அவர்தான் முன்னால் இருந்தார். மக்காவில் முன்னிலை, அடிலெய்டில் முன்னிலை, ஹெரெஸில் முன்னிலை, மொனாக்கோவில் முதல் இடம், ஹங்கேரியில் பத்தாம் இடம். ஒவ்வொன்றும் கைக்கு வந்த ஒன்று கை நழுவும் கணம். எதையாவது துரத்தும்போது அவர் செய்த தவறுகள் வெறும் தவறுகளாகவே இருந்தன. 1998-இல் ஸ்பாவின் நீர்த்திரையில், வழிவிட வேகம் குறைத்த டேவிட் கூல்தார்டின் பின்னால் மோதியது அந்த வகை. எல்லை மீறல் என்று சொல்லத்தக்கவை யாவும் காக்கும்போது நிகழ்ந்தவை.

அவருடைய ஃபெராரி வாழ்க்கையின் கடைசிப் பந்தயம் இதற்கு எதிர்முகச் சான்று. 2006 அக்டோபரில் இன்டர்லாகோஸில் பட்டம் ஏறக்குறையக் கைவிட்டுப் போயிருந்தது. டயர் பஞ்சராகிக் கடைசி இடத்துக்கே போனார். பிறகு ஒவ்வொரு காராக முந்தி நான்காவதாக முடித்தார். இறுதியில் கிமி ரைக்கோனனை முந்தியபோது இருவருக்கும் இடையே கையளவு இடைவெளிகூட இல்லை; ஆனாலும் கார்கள் தொட்டுக்கொள்ளவில்லை. காக்க எதுவும் இல்லாத ஷூமாக்கர், தடத்திலேயே மிகச் சுத்தமான ஓட்டுநர்.

ஆகவே திறமையும் மீறலும் ஒரே வேர் என்ற வாதம் பொருந்தாது. திறமை தயாரிப்பிலும் கணக்கிலும் விளைந்தது. மீறல், அந்தக் கணக்கு தீர்ந்துபோன அரை விநாடியில் வந்தது. மொனாக்கோவில் மட்டும் அந்த அரை விநாடி கொஞ்சம் நீண்டது. அதனால்தான் நண்பர்களுக்கும் அது விழுங்கக் கடினமாக இருந்தது.

இந்த ஐந்தோடு சேர்க்கக் கூடாத, ஆனால் மறைக்கவும் கூடாத ஒரு பழக்கமும் உண்டு. புறப்பாட்டின்போது பக்கத்துக் காரின் குறுக்கே வெட்டுவது. முந்த வருபவர் முன்னால் நேர்ப்பாதையில் விலகுவது. விதியின் விளிம்பில் நின்று செய்தவை இவை. 2000-இல் ஸ்பாவில் ஹக்கினன் முந்த வந்தபோது முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஷூமாக்கர் வெட்டினார். அடுத்த சுற்றில், ஒரு சுற்றுப் பின்தங்கிய ரிக்கார்டோ சோன்டாவின் காரை ஷூமாக்கர் இடப்பக்கம் கடக்க, ஹக்கினன் வலப்பக்கம் நுழைந்து இருவரையும் ஒரே மூச்சில் தாண்டினார். பந்தயம் முடிந்ததும் கார்களுக்கு அருகே ஹக்கினன் கைகளால் கார்களின் இடத்தைக் காட்டி, குரல் உயர்த்தாமல் ஏதோ விளக்கினார். ஷூமாக்கர் நின்று கேட்டுக்கொண்டார். புகார், விசாரணை எதுவும் இல்லை. வெட்டினால் என்ன நடக்கும் என்பது வெட்டப்படுபவரின் நிதானத்தைப் பொறுத்தது என்ற நிலைமை அன்றிருந்தது.

விதி எங்கே இருந்தது?

பட்டத்துக்காக மோதும் வழக்கத்தை ஷூமாக்கர் தொடங்கி வைக்கவில்லை. 1989-இல் சுசூகாவில் அலான் ப்ரோஸ்டும் அயர்டன் சென்னாவும் மோதிக்கொண்டு பட்டம் முடிவானது. 1990-இல் அதே தடத்தின் முதல் திருப்பத்தில் சென்னா ப்ரோஸ்டை இடித்து வெளியேற்றிப் பட்டம் வென்றார். வேண்டுமென்றே செய்தேன் என்று மறு ஆண்டு அவரே சொன்னார். பட்டம் அவரிடமே இருந்தது. கார்பன் இழைக் கூடுகள் வந்து, மோதினால் உயிர் போகும் என்ற பழைய அச்சம் குறைந்திருந்த காலம். தண்டனையும் இல்லை, சாவுப் பயமும் குறைவு என்றால் மோதல் ஓர் உத்தியாகிவிடும். இதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஷூமாக்கருடையது. மொனாக்கோ தீர்ப்புபோல உடனடியாகச் சுடும் தண்டனை 1994-இலேயே வந்திருந்தால் ஹெரெஸ் நடந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி.

அணியின் பாவங்களையும் ஓட்டுநரின் பாவங்களையும் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். 1994-இல் பெனட்டன் காரில் தடைசெய்யப்பட்ட புறப்பாட்டு உதவி மென்பொருள் இருந்தது தெரியவந்தது. பயன்படுத்தியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு சில்வர்ஸ்டோனில், பந்தயத்தை விட்டு வெளியேறச் சொல்லும் கறுப்புக் கொடியை மதிக்காததற்காக இரண்டு பந்தயத் தடை வந்தது. அதில் அணியின் பங்கும் பெரிது. 2002-இல் ஆஸ்திரியாவில் முடிவுக் கோட்டின் அருகே பாரிக்கெல்லோ வழிவிட்டது ஃபெராரியின் ஆணை. கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே ஷூமாக்கர் அவரை மேடையின் உச்சிப் படியில் ஏற்றிவிட்டார். மேடை ஒழுங்கை மீறியதற்காகப் பத்து லட்சம் டாலர் அபராதம் வந்தது. தனக்குச் சாதகமான அந்த ஏற்பாட்டை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை என்ற குறை அவரைச் சேரும். ஆனால் அது தடத்து நடத்தை ஆகாது.

2005-இல் இண்டியானாபொலிஸில் மிஷலின் டயர்கள் தாங்காது என்று 14 கார்கள் ஒதுங்க, ஆறு கார்களே ஓடிய பந்தயத்தில் ஷூமாக்கர் வென்றார். அந்த ஆண்டு அவருடைய ஒரே வெற்றி அது. அதே பந்தயத்தில்தான் கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் ஜோர்டன் காரில் நான்காவதாக முடித்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். அன்றும் பிட்டிலிருந்து வெளியே வந்த ஷூமாக்கர், முதல் திருப்பத்தில் பாரிக்கெல்லோவைப் புல்லுக்குத் தள்ளித் தன் இடத்தைக் காத்துக்கொண்டார். போட்டியே இல்லாத பந்தயத்திலும் காக்கும் ஷூமாக்கர் விழித்தே இருந்தார்.

கணக்கை முடிக்கும்போது

2010 முதல் 2012 வரையான மெர்சிடிஸ் ஆண்டுகள் 58 பந்தயங்களில் ஒரே ஒரு மேடையேற்றத்தோடு முடிந்தன. ஃபெராரி காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சோதனை ஓட்டத்தால் காரைத் தன் கைக்கேற்ப வளைத்தவருக்கு, பருவத்தின் நடுவே சோதனை ஓட்டம் தடைசெய்யப்பட்ட காலம் ஒத்துவரவில்லை. வயதும் நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆனாலும் 2012-இல் மொனாக்கோ தகுதிச் சுற்றில் அவர்தான் எல்லோரையும்விட வேகம். முந்தைய பந்தயத் தண்டனையால் அந்த முதலிடம் கைக்கு எட்டவில்லை. 2013 டிசம்பர் 29 அன்று பிரெஞ்சு ஆல்ப்ஸில் பனிச்சறுக்கின்போது தலையில் பட்ட காயத்துக்குப் பின் அவர் பொதுவெளிக்கு வரவில்லை. குடும்பம் அந்தத் தனிமையைக் காக்கிறது. 2004 ஆழிப்பேரலை நிவாரணத்துக்கு ஒரு கோடி டாலர் கொடுத்த மனிதரைப் பற்றிய அனுதாபம், தடத்தில் அவர் செய்ததை மங்கலாக்குவது இயல்பு. அனுதாபம் வேறு, மதிப்பீடு வேறு.

மதிப்பீட்டுக்கு ஒரு எளிய சோதனை போதும்: ஐந்து சம்பவங்களால் அவருக்குக் கிடைத்தது என்ன? மக்காவில் ஒரு வெற்றி. அடிலெய்டில் ஒரு பட்டம், அதுவும் இன்றுவரை கேள்விக்குறியோடு. ஹெரெஸில் பட்டமும் போய் இரண்டாம் இடமும் போனது. மொனாக்கோவில் முன்வரிசையில் புறப்பட வேண்டியவர் கடைசியிலிருந்து தொடங்கி ஐந்தாவதாக முடித்தார். ஹங்கேரியில் ஒரு புள்ளிக்காக ஒரு புள்ளியும் பெயரும் போயின. மாறாக, 2000 முதல் 2004 வரையான ஐந்து பட்டங்களில் எதுவும் இப்படி ஒரு மோதலால் தீர்மானிக்கப்படவில்லை. வெட்டும் பழக்கம் சில பந்தயங்களில் உதவியிருக்கலாம். பட்டங்களைக் கொண்டுவந்தது வேகமும் உழைப்பும் அணியும்தான்.

2014 முதல் தண்டனைப் புள்ளி முறை நடைமுறையில் இருக்கிறது. 12 புள்ளி சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை. 2024-இல் கெவின் மாக்னுசென் அப்படி ஒரு பந்தயம் வெளியே உட்கார்ந்தார். அதே ஆண்டு மெக்சிகோவில், லாண்டோ நோரிஸுடனான சண்டையில் எல்லை மீறியதற்காக மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஒரே பந்தயத்தில் இரண்டு பத்து விநாடித் தண்டனைகளை வாங்கினார். அப்போதெல்லாம் வெர்ஸ்டாப்பனின் ஆதரவாளர்கள் ஷூமாக்கர் பெயரைத்தான் இழுக்கிறார்கள்: மாவீரர்கள் இப்படித்தான் இருப்பார்கள், ஏழு பட்டம் சும்மா வந்ததா என்று. வேண்டுமானால் அவர்கள் வேறு யாரையாவது சாட்சிக்கு அழைக்கட்டும். ஷூமாக்கரின் பட்டியலை வரிசையாகப் படித்தால் அது எதிர்த்தரப்புக்குத்தான் சாட்சி சொல்கிறது. அவர் இடித்த இடங்களில் பெரும்பாலும் இழந்தார். வென்ற பெரும்பாலான இடங்களில் இடிக்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை.